உருகும் பனியும் ஒரு திருவிழாவும்

ஒரு கிலோ பனிக்கட்டியை நீராக உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? பள்ளி இறுதி வகுப்பு மாணவர் எவரும் தயங்காமல் விடை கூறுவார்: 80 கிலோ கலோரி. இந்த எண்ணை ஆண்டுதோறும் கல்லூரிக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். மாணவர்களும் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வுத் தாளில் எனக்குத் திருப்பித் தருகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். ஆனால் பனியைத் தம் முதுகிலேயே சுமந்து மலையிறங்கிய மக்கள் உலகில் இருக்கிறார்கள். நெடுங்காலமாக அப்படிச் சுமந்தவர்கள், இனிச் சுமப்பதில்லை என்று தாமே முடிவு செய்தார்கள். அந்த முடிவையும் அதன் பின்னணியில் உள்ள இயற்பியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். பெரு நாட்டின் தென்பகுதியில், இன்கா அரசின் தலைநகராக விளங்கிய குஸ்கோ நகருக்குக் கிழக்கே, இம்மலைகளுக்கு இடையில் சினக்காரா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. பள்ளத்தாக்கு என்றதும் தாழ்வான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,700 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரத்தைப் போல இது ஒன்றே முக்கால் மடங்கு. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதிக்குச் சற்றே கூடுதல். புதிதாகச் செல்பவருக்குப் பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

அத்தகைய இடத்தில் ஆண்டுதோறும் மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ பல்லாயிரம் மக்கள் கூடுகிறார்கள். இவ்விழாவின் பெயர் கொய்யுர் ரித்தி. கெச்சுவா மொழியில் 'கொய்யுர்' என்பது விண்மீன், 'ரித்தி' என்பது பனி. யுனெஸ்கோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் இதை மானிட இனத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அப்போது கூடுவோர் தொகை சுமார் 90,000 என்று குறிக்கப்பட்டது. மக்கள் எட்டு 'நாடு'களாகப் பிரிந்து, ஊர் ஊராக, தத்தம் இசைக் குழுவுடனும் ஆட்டக் குழுவுடனும் வருகிறார்கள். ஏறக்குறைய நூறு வகை ஆட்டங்கள் உண்டு. இறகுத் தலையணி அணிந்த காட்டுவாசிகளாகச் சிலர் ஆடுவர். சமவெளி வணிகர்களாகச் சிலர் ஆடுவர். கிறிஸ்தவ வழிபாடும் அதற்கு முந்திய மலை வழிபாடும் இவ்விழாவில் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. பாறையில் தோன்றிய இயேசுவின் உருவத்தை வணங்குபவரே, மலைகளில் உறையும் 'அப்பு'க்களையும் வணங்குகிறார். (அப்பு என்றால் அங்கே மலைத் தெய்வம். நம் பழைய நூல்களில் அதே ஒலிக்கு நீர் என்று பொருள். இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் அந்த மலைகள்தாம் அம்மக்களுக்கு நீர் தருகின்றன என்பதை எண்ணும்போது, இந்தத் தற்செயலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

விழாவின் நாளைக் கணிக்கும் முறையும் சுவையானது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 58-ஆம் நாள் விழா நடைபெறும். ஈஸ்டர் எப்போதும் ஒரு பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிறு. நிலவின் பிறைச் சுழற்சி ஒன்றுக்கு 29½ நாள். இரண்டு சுழற்சிக்கு 59 நாள். ஆகவே 58-ஆம் நாள் மறுபடியும் பௌர்ணமியிலோ அதை ஒட்டிய சில நாட்களிலோ வந்து விழும். இரவில் பனிமலை ஏறுபவருக்கு நிலவொளி வேண்டும் அல்லவா? நாட்காட்டியே அதற்கு ஏற்பாடு செய்துவிடுகிறது.

ஏறுபவர்கள் யார்? 'உக்குக்கு' எனப்படும் வேடதாரிகள். கரடிக்கும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்று கதைகள் கூறும் ஒருவனின் வேடம் அது. கம்பளி இழைகள் தொங்கும் நீண்ட அங்கி, பின்னிய முகமூடி, இடையில் ஒரு சாட்டை. கீச்சுக் குரலில் பேசி வேடிக்கை செய்வார்கள். அதே சமயம் இத்தனை ஆயிரம் மக்களிடையே ஒழுங்கை நிலைநாட்டும் காவலர்களும் அவர்களே. கோமாளியும் காவலரும் ஒருவரே என்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம்.

விழாவின் உச்ச இரவில் இவர்கள் கோல்க்கெபுங்க்கு மலையின் பனியாற்றின் மீது ஏறுகிறார்கள். பனியாறு என்பது ஆண்டாண்டாகப் பெய்த பனி அழுந்தி, கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிப்பாளம். அதில் விழும் வெடிப்புகளில் சிக்கி உயிர் இழந்தவர்களும் உண்டு. விடியற்காலையில் அவர்கள் பனியை வெட்டி, கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு வரிசையாக இறங்கி வருவார்கள். அந்தப் பனி உருகிய நீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. அதை வீட்டாருக்குக் கொடுப்பார்கள், வயலிலும் தெளிப்பார்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இவ்வழக்கம் மாறியது. பனியாற்றின் நுனி ஆண்டுக்கு ஆண்டு மேலே மேலே பின்வாங்குவதை ஏறியவர்களே கண்டார்கள். தம் தந்தையர் பனியில் கால் வைத்த இடத்தில் இன்று வெறும் பாறை இருப்பதைக் கண்டார்கள். பனியை வெட்டி எடுப்பதில்லை என்று அவர்களே முடிவு செய்து, பிறரும் எடுக்காதபடி காவலும் வைத்தார்கள். விழாவின் உயிர்நாடியாக இருந்த ஒரு செயலை விழா நடத்துவோரே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சிறு கணக்கு

இங்கே ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, இவர்கள் பனியை எடுக்காமல் விட்டதால் பனியாறு பிழைத்துவிடுமா?' என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் பேர் ஏறி, ஆளுக்குப் பத்துக் கிலோ பனி எடுத்து வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து டன். இனி, ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனியாறு ஒரு நாள் வெயிலில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உருகுவதாகக் கொள்வோம். பத்து இலட்சம் சதுர மீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனம்: 10,000 கன மீட்டர் பனி, அதாவது சுமார் 9,000 டன். ஆயிரம் பேர் ஓர் இரவில் சுமந்தது, சூரியன் ஒரே பகலில் உருக்குவதில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு.

எனவே கணக்கின்படி அவர்களுடைய தியாகத்தால் பனியாறு பிழைக்காது. இது அவர்களுக்குத் தெரியாது என்று எண்ணுவது நம் அகந்தை. நோயுற்ற தாயிடம் பால் கேட்காத பிள்ளை, அதனால் தாய் குணமாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டா கேட்காமல் இருக்கிறது? மலையோடு தமக்குள்ள உறவை அவர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள். ஆனால் அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே இடத்துக்கு ஏறி, பனி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வருவது ஓர் ஆய்வுக்கூட ஒழுங்கு அன்றி வேறென்ன? தலைமுறை தலைமுறையாக நடந்த அளவீடு அது. எண் மட்டும்தான் எழுதப்படவில்லை.

எழுதப்பட்ட எண்களும் அதையே கூறுகின்றன. உலகின் வெப்ப மண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 70 சதவிகிதம் பெரு நாட்டில் உள்ளது. அந்நாட்டின் பனியாற்று ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1962-ஆம் ஆண்டிலிருந்து பனியாற்றுப் பரப்பில் 56 சதவிகிதம் மறைந்துவிட்டது. சினக்காரா அமைந்துள்ள அதே வில்கனோட்டா மலைத்தொடரில் கெல்காயா என்னும் பெரும் பனிக் கவிகை உள்ளது. அமெரிக்க விஞ்ஞானி லோனி தாம்ப்சன் 1974-ஆம் ஆண்டு முதல் அதை ஆராய்ந்தவர். பனி பின்வாங்கிய ஓர் ஓரத்தில் 2002-இல் அவர் குழுவினர் வேரோடு கிடந்த செடிகளைக் கண்டனர். கார்பன்-14 முறையில் அவற்றின் வயது சுமார் 5,200 ஆண்டுகள் என்று தெரிந்தது. அவ்வளவு காலம் பனி அவற்றை மூடிக் காத்திருந்தது, இப்போதுதான் திறந்துவிட்டது.

வெப்ப மண்டலப் பனி ஏன் இவ்வளவு மென்மையானது?

ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வெப்பநிலை உயர்வுக்கு இவ்வளவு பெரிய மாற்றமா என்று வியப்பவர்களுக்காக இதைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

முதலாவது, உயரக் கணக்கு. மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6½ டிகிரி செண்டிகிரேடு குறையும். இதைத் திருப்பிப் பாருங்கள். காற்று ஒரு டிகிரி சூடானால், உறைநிலைக் கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏறும். அந்த 150 மீட்டர் பட்டையில் முன்பு பனியாகப் பெய்தது இனி மழையாகப் பெய்யும்.

மழையாகப் பெய்வதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். புதிய பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவிகிதம் வரை திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்த பழைய பனிக்கட்டியோ 30, 40 சதவிகிதமே திருப்பி அனுப்பும். வெள்ளைப் போர்வை விழாத ஆண்டில் அதே சூரியன் மூன்று நான்கு மடங்கு வெப்பத்தைப் பனியாற்றுக்குள் செலுத்துகிறது. ஆகவே காற்றின் சூடு நேரடியாகச் செய்யும் தீங்கைவிட, போர்வையைப் பறிப்பதன் மூலம் செய்யும் தீங்கே பெரிது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. காற்று மிக வறண்டிருந்தால், பனி நீராகாமலே நேராக ஆவியாகும். இதுவே பதங்கமாதல். கற்பூரம் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிராம் பனி உருக 80 கலோரி போதும். பதங்கமாக ஏறத்தாழ 680 கலோரி வேண்டும், அதாவது எட்டரை மடங்கு. ஆண்டிஸின் வறண்ட பருவத்தில் சூரிய வெப்பத்தின் பெரும்பகுதி இந்தச் செலவு மிக்க வழியில் போய்விடுவதால், பனியாற்றின் இழப்பு குறைவாக இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் பதங்கமாதல் தடைப்படும். அதே வெப்பம் அப்போது எட்டரை மடங்குப் பனியை உருக்கித் தள்ளிவிடும். கஞ்சனாக இருந்தவன் ஒரே நாளில் ஊதாரியானது போல.

இத்தனைக்கும் மூலம், காற்றில் கரியமில வாயு மிகுந்து வருவதே. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்தது, 2024-ஆம் ஆண்டில் 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயுவைப் பெருக்கிய ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் சினக்காராவில் இல்லை. அங்கு ஆடும் உருளைக்கிழங்கு விவசாயியும் அல்பாக்கா மேய்ப்பவரும் இதில் சேர்த்த பங்கு, அவர்கள் சுமந்த பனியைப் போன்றதுதான்: கணக்கில் தெரியாத அளவு. ஆனால் வறண்ட மாதங்களில் ஓடையில் நீர் குறைவது முதலில் அவர்களுக்குத்தான்.

விண்மீன் சொன்ன மழை

விழாவின் பெயரில் விண்மீன் இருப்பதற்கும் ஒரு காரணம் காட்டுவார்கள். நாம் கார்த்திகை என்று அழைக்கும் அந்தச் சிறு விண்மீன் கூட்டம் ஏப்ரல் இறுதியில் சூரிய ஒளியில் மறைந்து, ஏறத்தாழ நாற்பது நாள் கழித்து, ஜூன் தொடக்கத்தில் விடியலுக்கு முன் கிழக்கே மறுபடியும் தோன்றும். விழாவும் இந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது.

பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள மலை விவசாயிகள் ஜூன் மாதத்தில் விடியலுக்கு முன் எழுந்து இந்தக் கார்த்திகையை உற்றுப் பார்ப்பார்கள். அது பளிச்சென்று தெரிந்தால் மழை காலத்தில் வரும். மங்கித் தெரிந்தால் மழை தாமதமாகும், உருளைக்கிழங்கு நடுவதைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. குறைந்தது 400 ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. இதைக் கேட்டால் அறிவியல் படித்தவர்கள் புன்னகை செய்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். விண்மீனின் ஒளிக்கும் நான்கு மாதம் கழித்துப் பெய்யும் மழைக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

தொடர்பு இருக்கிறது. பென் ஆர்லோவ் என்னும் மானிடவியலாளரும் ஜான் சியாங், மார்க் கேன் என்னும் வானிலை அறிஞர்களும் செயற்கைக்கோள் மேகப் பதிவுகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில், ஜூன் மாதத்தில் மிக உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள் படர்கின்றன. வெறும் கண்ணுக்கு அவை தெரியா. ஆனால் மங்கலான விண்மீன்களை மறைக்க அவை போதும். அதே எல் நினோ ஆண்டுகளில்தான் பின்னால் வரும் பருவ மழையும் அப்பகுதியில் குறைகிறது. விவசாயி பார்த்தது விண்மீனை, அறிந்தது மேகத்தை. கருவியின் பெயர் அவருக்குத் தெரியவில்லையே தவிர, கருவி பழுதில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சடங்கு என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், சடங்கு என்றாலே பழைய ஞானம் என்று தலையில் வைத்துக்கொள்வதும் ஆகிய இரண்டும் சோம்பேறித்தனமே. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பனி நோய் தீர்க்கும் என்பதை நான் ஏற்கவில்லை. கார்த்திகை மழையைக் காட்டும் என்பதை ஏற்கிறேன்.

சுண்ணாம்பு பூசிய மலை

பனியை இழந்த மக்கள் எல்லாரும் துக்கம் காத்துச் சும்மா இருந்துவிடவில்லை. அதே பெருவில், அயகூச்சோ வட்டாரத்தில் லிகாப்பா என்னும் சிற்றூர் உண்டு. அதன் மேலே நிற்கும் சலோன் சொம்பிரேரோ மலையின் பனி முழுவதும் போய்விட்டது. எதுவார்டோ கோல்ட் என்பவர், பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர், ஒரு யோசனை சொன்னார்: மலையை வெள்ளை அடிப்போம்! உலக வங்கியின் போட்டியில் 2009-இல் அந்த யோசனைக்குப் பரிசும் கிடைத்தது. 2010-இல் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் நீரில் கலக்கி, குவளை குவளையாகக் கரும்பாறைகளின் மீது ஊற்றினார்கள்.

பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதின. ஆனால் கொள்கை தவறானது அன்று. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தால் கீழே அறை குளிர்கிறது என்பதை நாம் அறிவோம். வெண்பாறை ஒளியைத் திருப்பி அனுப்பும்; பகலில் குறைவாகச் சூடேறும். ஆயினும் இரண்டு மூன்று ஹெக்டேர் வெண்மையைக் கொண்டு, மேலே ஏறிப்போன உறைநிலைக் கோட்டைக் கீழே இறக்க முடியாது. என் கருத்தில் அது பொறியியலாக நில்லாது. ஓர் ஊரார் தங்கள் மலை எப்படி இருந்தது என்று அதன் மீதே தீட்டிக் காட்டிய ஓவியமாக நிற்கும்.

பொறியியலாகவும் வழிபாடாகவும் ஒருங்கே நிற்கும் ஒரு முயற்சி, நம் நாட்டின் வட எல்லையில் லடாக்கில் நடந்தது. அங்குள்ள சிக்கல் சற்று வேறானது. பனியாறு ஜூனில்தான் தாராளமாக உருகும். விதைக்க நீர் வேண்டியதோ ஏப்ரல், மே மாதங்களில். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரைப் பனியாக்கிச் சேமிக்கும் வேலையைச் செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் 1987 முதல் செய்துவந்தார். சமதளத்தில் பரப்பி உறைய வைத்த பனி வெயிலில் விரைவில் உருகிவிட்டது. சோனம் வாங்சுக் என்பவரும் அவருடைய மாணவர்களும் 2013-14 குளிர்காலத்தில் அதே பனியைக் கூம்பாக நிமிர்த்தினார்கள். மேட்டு ஓடையிலிருந்து குழாயில் வரும் நீர், தன் மட்டத்தை நாடித் தானே மேலெழுந்து தெளிக்கும். கடுங்குளிரில் விழும்போதே உறையும். மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை.

கூம்பு எதற்கு? ஆயிரம் கன மீட்டர் பனியை ஒரு மீட்டர் கனத்தில் பரப்பினால் வெயில் படும் பரப்பு 1,000 சதுர மீட்டர். அதையே உயரமும் அடி ஆரமும் சமமான கூம்பாக்கினால், பக்கப் பரப்பு சுமார் 430 சதுர மீட்டர்தான். (மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கட்டும், அடி ஆரம் ஏறத்தாழ 9.85 மீட்டர் வரும்.) முதற் கூம்பு மே மாத நடுப்பகுதி வரை நின்றது. லடாக்கியர் கண்ணுக்கு அது கூம்பாகத் தெரியவில்லை. புத்த ஸ்தூபமாகத் தெரிந்தது. பியாங் மடாலயத்துத் துறவிகள் முன்நின்றார்கள். வழிபாட்டுக் கொடிகள் கட்டப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஸ்தூபங்கள் எழுப்பின. வெறும் தண்ணீர்த் தொட்டி கட்ட அழைத்திருந்தால் குளிர்கால இரவில் குழாயைக் காவல் காக்க இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

அதற்கு வடமேற்கே, பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள பால்டிஸ்தானில் பனியாறுகளுக்குத் திருமணமே செய்து வைக்கும் பழைய வழக்கம் உண்டு. கல்லும் மண்ணும் மூடிய கருத்த பனி ஆண். வெண்மையாகப் பளபளக்கும் பனி பெண். இரண்டிலிருந்தும் துண்டுகளைச் சுமந்து, வழியில் பேசாமல் கொண்டு சென்று, உயரமான நிழல் சரிவில் சேர்த்து வைத்து, கரியும் மரத்தூளும் போட்டு மூடுவார்கள். மரத்தூளின் பயன் ஐஸ் விற்றவர்களைக் கேட்டால் தெரியும். கனமான கல் மூடிய பனி நெடுநாள் நிற்பதையும் பனியாற்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். மெல்லிய தூசி வெயிலை ஈர்த்துப் பனியை உருக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் கனத்த மூடாக்கோ வெப்பத்தை உள்ளே விடாது. 'ஆண்' பனி ஏன் நீர் குறைவாகத் தருகிறது, ஏன் நெடுநாள் வாழ்கிறது என்பதற்கு விடை அந்த மூடாக்கில்தான் இருக்கிறது.

மறுபடி சினக்காராவுக்கு வருவோம். விழா நிற்கவில்லை. கரடி வேடதாரிகள் இன்றும் இரவில் ஏறுகிறார்கள். பனியைத் தொட முன்னைவிட நெடுந்தொலைவு பாறையில் நடக்க வேண்டியிருக்கிறது. விடியலில் சிலுவைகளைத் தோளில் தாங்கி, கொம்பும் முரசும் முழங்க வரிசையாக இறங்குகிறார்கள். முதுகில் பனிப்பாளம் இல்லை. சிலர் மட்டும் பனியின் அடியில் உருகி வரும் ஓடையில் குனிந்து, வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு சிறு புட்டியில் நீர் நிரப்பிக்கொள்கிறார்கள்.